தம்புரா செயலியில் கட்டை மாற்றும்போது ஒலித்துணுக்கின் வேகத்தை எப்படிக் கணக்கிடுவது?

சாரணி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சங்கீத வகுப்பு மாணவர்கள் வீட்டில் சாதகம் செய்வதற்காக எழுதப்பட்ட ஒரு தம்புரா செயலியின் நிரலைப் பராமரிக்கும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அதில் 1 கட்டைச் சுருதியில் (ஹார்மோனியத்தின் சி என்ற வெள்ளைக் கட்டையை ஷட்ஜமாகக் கொண்ட சுருதி) பதிவான, ஒரு நிமிடத்துக்கும் மேல் நீளும் ஒரே ஒரு ஒலித்துணுக்கு இருக்கிறது. பயனர் எந்தக் கட்டையைத் தேர்ந்தெடுத்தாலும் அதே துணுக்கைத்தான் வேகம் மாற்றி ஒலிக்கச் செய்கிறார்கள்.

நிரலில் இருக்கும் சூத்திரம் இது: வேகம் = 1 + (அரைக்கட்டை எண் ÷ 12). அரைக்கட்டை எண் என்பது 1 கட்டையிலிருந்து எத்தனை அரைப்படி தள்ளி என்பது, ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. 1 கட்டையில் வேகம் 1. மேல் ஸ்தாயி 1 கட்டையில் வேகம் 2. இரண்டும் சரியாகவே ஒலிக்கின்றன. ஆனால் 5 கட்டை வைத்தால் 5½ கட்டை கேட்கிறது என்றும், 4 கட்டை வைத்தால் 4½ கேட்கிறது என்றும் வகுப்பு எடுப்பவர் சொல்கிறார். ஹார்மோனியத்தோடு வைத்துப் பார்த்தபோது அவர் சொல்வது உண்மைதான் என்று தெரிந்தது. வேறு நிரல்களில் 2-இன் அடுக்காக ஒரு சூத்திரத்தைப் பார்க்கிறேன். இரண்டு முனைகளிலும் சரியாக இருக்கும் ஒரு சூத்திரம் நடுவில் மட்டும் ஏன் இவ்வளவு விலகுகிறது என்பதை யாரேனும் விளக்க முடியுமா?

அடுக்குக்குறி

சுருதி ஏறுவது கூட்டலால் அன்று, பெருக்கலால் என்பதே இதற்கு விடை. ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரண்டு மடங்காகிறது. இன்னும் ஒரு ஸ்தாயி ஏறினால் நான்கு மடங்கு. அந்த இரண்டு மடங்கைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரிக்க வேண்டுமென்றால், பன்னிரண்டு முறை தன்னைத்தானே பெருக்கினால் 2 வரும் எண் ஒவ்வொரு படிக்கும் தேவை. 2-இன் பன்னிரண்டாம் மூலமான 1.059463 தான் அந்த எண். ஆகவே:

வேகம் = 2^(அரைக்கட்டை எண் ÷ 12)

உங்கள் பழைய சூத்திரம் ஒரு வளைகோட்டின் இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைக்கிறது. முனைகள் பொருந்தும், நடுவில் நேர்கோடு எப்போதும் வளைகோட்டுக்கு மேலேதான் நிற்கும். எவ்வளவு மேலே என்பதைச் சென்ட் கணக்கில் பார்க்கலாம். ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட், அரைக்கட்டைக்கு 100 சென்ட். எந்த வேகத்தையும் சென்ட்டாக மாற்ற அதன் 2-அடி மடக்கையை 1200-ஆல் பெருக்கினால் போதும். 5 கட்டைக்கு (7 அரைக்கட்டை) உங்கள் நிரல் 1.5833 தருகிறது, அது 796 சென்ட். வேண்டியது 700, கிடைப்பது கிட்டத்தட்ட 800, அதாவது 5½ கட்டை. 4 கட்டைக்கு 1.4167 வருகிறது; அது 603 சென்ட், அதாவது 4½ கட்டை. வகுப்பு எடுப்பவரின் காது சென்ட் கணக்கோடு ஒத்துப்போகிறது. 4½ கட்டையில் இன்னும் வேடிக்கை: நிரல் தருவது சரியாக 1.5. நீங்கள் 4½ கட்டை கேட்டால் அது 1 கட்டையின் சுத்தமான பஞ்சமத்தைக் கொண்டுவந்து வைக்கிறது.

கீழே இறங்கினால் நிலைமை மேலும் மோசமாகும். பழைய சூத்திரப்படி 6 அரைக்கட்டை இறங்கினாலே வேகம் 0.5 ஆகி ஒரு முழு ஸ்தாயி இறங்கிவிடும். 12 இறங்கினால் வேகம் 0, துணுக்கு நின்றே போகும். அடுக்குச் சூத்திரத்தில் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் 2^(−12 ÷ 12) = 0.5 என்று தானாகவே சரியாக வந்துவிடும். இறக்கத்துக்கென்று தனி விதி எழுதத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கட்டை எண்ணை அப்படியே இரண்டால் பெருக்கி அரைக்கட்டை எண்ணாகக் கொள்ளக் கூடாது. கட்டைகள் ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளைப் பின்பற்றுவதால் 3-க்கும் 4-க்கும் இடையே கறுப்புக் கட்டை கிடையாது. 3½ என்று ஒன்று இல்லை. 7-க்கும் மேல் 1-க்கும் இடையிலும் அப்படியே. ஆகையால் ஒரு சிறிய அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்: 1 கட்டைக்கு 0, 1½-க்கு 1, 2-க்கு 2, 2½-க்கு 3, 3-க்கு 4, 4-க்கு 5, 4½-க்கு 6, 5-க்கு 7, 5½-க்கு 8, 6-க்கு 9, 6½-க்கு 10, 7-க்கு 11.

ஜீவாநூல்

கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் ஓர் ஆட்சேபம் உண்டு. நம் சங்கீதத்தில் ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் 3/2, அதாவது 1.5. நீங்கள் தரும் சூத்திரத்தில் 7 அரைக்கட்டைக்கு 1.4983 வருகிறது. அந்தர காந்தாரத்துக்கு 5/4 வர வேண்டிய இடத்தில் 1.2599 வருகிறது, அது ஏறக்குறைய 14 சென்ட் கூடுதல். பியானோவுக்குச் செய்த சமப் பகுப்பை எடுத்துத் தம்புராவின் தலையில் ஏற்றுவது முறையா? தம்புரா என்ற வாத்தியமே அந்தச் சுத்தமான விகிதங்களைக் காதுக்குப் பழக்குவதற்காக இருப்பது.

அடுக்குக்குறி

ஐயா, இங்கே இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் ஆட்சேபத்துக்கு இடமிருக்காது என்று நினைக்கிறேன்.

முதலாவது, ஆதார ஷட்ஜத்தையே இடம் மாற்றுவது. பாடகர் 5 கட்டைக்கு வா என்கிறார் என்றால், ஹார்மோனியத்திலோ சுருதிக் குழலிலோ 5 கட்டை எங்கே இருக்கிறதோ அங்கே ஷட்ஜம் வந்து நிற்க வேண்டும். கூட வாசிக்கும் வயலினும் மிருதங்கமும் அந்த இடத்துக்குத்தான் சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். இதற்கு 1.4983 தான் சரி, 1.5 வைத்தால் 2 சென்ட் தள்ளி நிற்கும்.

இரண்டாவது, அந்த ஷட்ஜத்துக்கு மேல் மற்றச் சுரங்கள் எந்த விகிதத்தில் அமைகின்றன என்பது. வேகத்தை மாற்றும்போது துணுக்குக்குள் இருக்கும் எல்லா அதிர்வெண்களும் ஒரே எண்ணால் பெருக்கப்படுகின்றன. பதிவின்போது பஞ்சமத் தந்தி ஷட்ஜத்தோடு சுத்தமாகச் சேர்ந்திருந்தால், எந்த வேகத்தில் ஒலித்தாலும் அது அதே சுத்தத்தில் இருக்கும். நல்ல தம்புராவில் தந்தியின் ஐந்தாம் சீரிசையாக (தந்தியின் அடிப்படை அதிர்வெண்ணைப் போல் ஐந்து மடங்கான மேற்சுரமாக) எழும் அந்தர காந்தாரமும் 5/4 என்ற விகிதத்திலிருந்து மயிரிழையும் நகராது. சமப் பகுப்பு துணுக்குக்குள் நுழைவதே இல்லை.

ஆனால் ஓர் இடத்தில் உங்கள் எச்சரிக்கை முழுக்கப் பொருந்தும். சில செயலிகளில் ஷட்ஜத் தந்தியை மட்டும் பதிவு செய்து, அதையே வேகம் மாற்றிப் பஞ்சமத் தந்தியாகவும் பயன்படுத்துகிறார்கள். அங்கே சமப் பகுப்பைப் போட்டால் கெட்டுவிடும். ஷட்ஜம் 130.81 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். மந்தரப் பஞ்சமம் அதன் 3/4, அதாவது 98.11 ஹெர்ட்ஸ், சமப் பகுப்பில் 98.00. வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஷட்ஜத்தின் மூன்றாம் சீரிசையும் பஞ்சமத்தின் நான்காம் சீரிசையும் 392 ஹெர்ட்ஸ் அருகே ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டியவை. சமப் பகுப்பில் அவற்றுக்கு இடையே 0.44 ஹெர்ட்ஸ் இடைவெளி விழுகிறது. இரண்டே கால் வினாடிக்கு ஒரு முறை ஒலி பொங்கி அடங்கும் விம்மல் உண்டாகிறது. மேற்சுரங்களே உயிராக இருக்கும் தம்புராவில் இது உடனே காதில் உறுத்தும். அங்கே வேகம் 0.75 என்று பின்னமாகவே எழுதப்பட வேண்டும். மத்யம சுருதி (பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்குச் சேர்ப்பது) என்றால் மந்தர மத்யமத்துக்கு 2/3.

ஷட்ஜம் இடம் பெயர அடுக்கு, தந்திகளுக்கு இடையே பின்னம். இரண்டும் தேவைப்படும் இடத்தில் இரண்டையும் பெருக்கினால் முடிந்தது.

ஜீவாநூல்

இப்படிப் பிரித்துச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். கட்டை என்பதே ஹார்மோனியம் கொடுத்த அளவு. அதற்குச் சமப் பகுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை வேறொன்று உண்டு, பிறகு எழுதுகிறேன்.

பழைய அமிகா

அடுக்குச் சூத்திரத்தை ஒவ்வொரு முறையும் கணக்கிடும் வசதி அந்தக் காலக் கணினிகளில் இல்லை. 1987-இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகா கணினிக்காக எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற இசை நிரல் முதல் அதன் வழிவந்த புரோட்டிராக்கர் வரை, சுரங்களுக்கான எண்கள் ஓர் அட்டவணையில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. அவையும் வேகத்தைக் குறிக்கவில்லை. ஒலியின் ஒரு மாதிரிப் புள்ளிக்கும் (பதிவில் ஒலி அலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து வைத்த எண்களில் ஒன்று) அடுத்த புள்ளிக்கும் இடையே பாலா என்ற ஒலிச் சில்லு எத்தனை கடிகாரத் துடிப்புகள் காத்திருக்க வேண்டும் என்பதைக் குறித்தன. பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான அமிகாவில் அந்தக் கடிகாரம் வினாடிக்கு 3546895 துடிப்பு. நடு ஸ்தாயி சி சுரத்துக்கு எண் 428. வகுத்தால் வினாடிக்கு 8287 புள்ளிகள். ஒரு ஸ்தாயி கீழே 856, மேலே 214. எண் குறையக் குறையச் சுருதி ஏறும், விகிதம் தலைகீழ்.

எண்கள் முழு எண்களாக இருந்தாக வேண்டும் என்பதில்தான் சுவாரஸ்யம். ஜி சுரத்துக்கு மூன்று ஸ்தாயிகளிலும் அட்டவணை தரும் எண்கள் 570, 285, 143. நடுவில் 428 ÷ 285 = 1.5018, அதாவது 704 சென்ட். மேல் ஸ்தாயியில் 214 ÷ 143 = 1.4965, அதாவது 698 சென்ட். ஒரே சுரம் ஸ்தாயிக்கு ஸ்தாயி 6 சென்ட் வேறுபடுகிறது. கீழ் ஸ்தாயியில் சரியான மதிப்பு 571.3 என்பதால் 571 வைத்திருக்கலாம், 570 வைத்திருக்கிறார்கள். ஸ்தாயிகளுக்குள் இரட்டிப்பு சுத்தமாக இருக்கட்டும் என்று எண்ணியிருக்கலாம் என்பது என் ஊகம். அந்தக் காலத்து நடனப் பாடல்களில் இதை யாரும் குறையாகச் சொன்னதாக நினைவில்லை. தம்புராவில் 6 சென்ட் என்றால் கச்சேரியே நடக்காது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூத்திரம் சரியாக இருந்தாலும், அதன் விடையை எத்தனை இலக்கத்தில் வைத்துக்கொள்கிறீர்கள் என்பதும் சுருதியைத் தீர்மானிக்கும். பின்னப் பகுதிக்கு 8 பிட் மட்டும் ஒதுக்கினால் 1.059463 என்பது 271/256 ஆகிச் சுமார் 1.4 சென்ட் இறங்கிவிடும். 16 பிட் ஒதுக்கினால் பிழை காதுக்கு எட்டவே எட்டாது.

சாரணி

அனைவருக்கும் நன்றி. அட்டவணையும் அடுக்குச் சூத்திரமும் சேர்த்த பிறகு எல்லாக் கட்டைகளும் ஹார்மோனியத்தோடு சேர்கின்றன. ஆனால் இரண்டு புதிய சிக்கல்கள் தென்படுகின்றன. இவை முன்பும் இருந்திருக்க வேண்டும், பழைய சூத்திரத்தின் கோளாறில் மறைந்து கிடந்திருக்கும்.

ஒன்று: 1½ கட்டையில் தம்புராவை ஓடவிட்டால் தொடக்கம் சரியாக இருக்கிறது, சற்று நேரத்தில் ஏதோ மிகச் சிறிதளவு ஏறியது போலப் படுகிறது, 22 வினாடி கடந்ததும் சட்டென்று அரைக்கட்டை இறங்கி, பதிவு செய்த 1 கட்டையிலேயே போய் நின்றுவிடுகிறது. 5 கட்டையில் இப்படி நடப்பதே இல்லை. வேகத்தின் மதிப்பை அச்சிட்டுப் பார்த்தேன்; கடைசி வரை 1.059463 என்றே இருக்கிறது.

இரண்டு: என் கைபேசியில் சரியாக ஒலிக்கும் அதே செயலி, ஒரு டேப்லெட்டில் எல்லாக் கட்டைகளிலும் ஒன்றரை அரைக்கட்டை அளவுக்கு மேலே ஒலிக்கிறது.

பழைய அமிகா

முதல் சிக்கலைப் படித்ததும் சிரித்துவிட்டேன்; நான் மேலே எழுதியதன் இன்றைய வடிவம் இது. துணுக்கில் எந்த இடத்தைப் படிக்க வேண்டும் என்ற நிலையை 32 பிட் ஃப்ளோட் (பின்ன எண்களை வைக்கும் வகை) மாறியில் வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் அதனோடு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள் அல்லவா?

32 பிட் ஃப்ளோட்டில் மதிப்புக்கு 24 பிட் இடம்தான் இருக்கிறது. நிலை எண் பெரிதாகப் பெரிதாக முழு எண் பகுதி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, பின்னத்துக்கு மிச்சம் குறைந்துகொண்டே வரும். நிலை 65536-ஐத் தாண்டும்போது, அதாவது துணுக்கின் 1½ வினாடியை ஒட்டி, பின்னத்தின் மிகச் சிறிய படி 1/128. 1.059463-க்கு மிக அருகிலுள்ள 1/128-இன் மடங்கு 136/128, அதாவது 1.0625. வேக மாறியில் 1.059463 இருந்தாலும் நிலை உண்மையில் 1.0625 தான் நகர்கிறது. உங்கள் காதுக்குப் பட்ட சிறு ஏற்றம் இந்த 5 சென்ட். அடுத்தடுத்து 1/64, 1/32, 1/16 என்று படி பெரிதானாலும், 1.0625 அவை அனைத்தின் மடங்காகவும் இருப்பதால் சுருதி அங்கேயே நிற்கும். நிலை 1048576-ஐ எட்டும்போது படி 1/8 ஆகிறது. இப்போது அருகிலுள்ள மடங்குகள் 1-உம் 1.125-உம், 1.059463 என்பது 1-க்குத்தான் கொஞ்சம் பக்கம். அந்தக் கணத்திலிருந்து நிலை ஒவ்வொன்றாக நகர்கிறது. துணுக்கு பதிவான சுருதிக்கே திரும்பிவிடுகிறது. வினாடிக்கு 44100 புள்ளி என்ற கணக்கில், அந்த நிலையை 1½ கட்டை வேகத்தில் எட்ட 22.4 வினாடி ஆகும்.

5 கட்டை ஏன் தப்பித்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. 1.498307-ஐ எந்தப் படியில் வட்டமாக்கினாலும் 1.5 தான் வரும். அதுவும் 1/4 வரை எல்லாப் படிகளின் மடங்கு. 2 சென்ட் ஏறி அங்கேயே நின்றுவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை. ஐயா ஜீவாநூல் விரும்பிய 3/2 கணினியின் தயவால் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

நிலையை 64 பிட் டபுள் (அதே வகையில் இரு மடங்கு இடமுள்ளது) மாறிக்கு மாற்றுங்கள். அல்லது நிலையின் முழு எண் பகுதியை ஒரு முழு எண் மாறியிலும் பின்னத்தைத் தனி மாறியிலும் வைத்து, பின்னம் 1-ஐத் தாண்டும்போது முழு எண்ணில் ஒன்றைக் கூட்டுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது முறை.

உலாவிக்காரன்

இரண்டாவது சிக்கல் சாம்பிள் ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை புள்ளி என்பது. துணுக்கு வினாடிக்கு 44100 புள்ளி என்று பதிவாகியிருக்கும். டேப்லெட்டின் ஒலிப்பலகை 48000-இல் ஓடும். புள்ளிகளை அப்படியே எடுத்துக் கொடுத்தால் 48000 ÷ 44100 என்ற அளவுக்கு வேகம் கூடி, சுருதி 147 சென்ட் ஏறும். நீங்கள் சொல்லும் ஒன்றரை அரைக்கட்டை அதுதான். முழுச் சூத்திரம் இப்படி இருக்க வேண்டும்:

நகர்வு = 2^(சென்ட் ÷ 1200) × (துணுக்கின் ரேட் ÷ கருவியின் ரேட்)

சென்ட் என்பதில் அரைக்கட்டை எண்ணின் நூறு மடங்கும், பயனர் நுண்சுருதிக்காகத் திருகும் அளவும் கூட்டப்பட்டிருக்க வேண்டும். எல்லா ஏற்ற இறக்கங்களையும் சென்ட்டில் கூட்டிக்கொண்டு வந்து, கடைசியில் ஒரே ஒரு முறை விகிதமாக மாற்றுவதே நல்லது. இடையிடையே விகிதத்தைத் திருத்தத் தொடங்கினால் எதை எதோடு பெருக்கினோம் என்பது மறந்துவிடும்.

பின்னாளில் இதை உலாவிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் இன்னொரு செய்தி. வெப் ஆடியோவில் துணுக்கை டீகோட் செய்யும்போதே கருவியின் ரேட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே இரண்டாம் பெருக்கல் அங்கே தேவையில்லை, போட்டால் எதிர்த்திசையில் பிழை வரும். அங்கே பிளேபேக்ரேட் என்பது விகிதத்தையும் டிட்யூன் என்பது சென்ட்டையும் ஏற்கும். இரண்டும் தாமாகவே பெருக்கிக்கொள்ளப்படும். ஆனால் சாதாரண ஆடியோ உறுப்பில் பிளேபேக்ரேட்டை மாற்றினால் வேகம் கூடும், சுருதி அசையாது. பிரிசர்வ்ஸ்பிட்ச் என்ற அமைப்பு இயல்பிலேயே இயங்கு நிலையில் இருப்பதே காரணம். உரைகளை வேகமாகக் கேட்பவர்களுக்கு அது வரம்; தம்புராவுக்கு ஆகாது. ஆண்ட்ராய்டின் சவுண்ட்பூல் 0.5 முதல் 2 வரையிலான வேகத்தை மட்டுமே ஏற்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜீவாநூல்

கணக்கு எல்லாம் சீரானதாகத் தெரிகிறது. இப்போது என் மனக்குறையைச் சொல்கிறேன்.

1 கட்டைத் தம்புராவில் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்திகளையும் மீட்டி முடிக்க 5 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 5½ கட்டைக்கு ஏற்றினால் வேகம் 1.587, ஒரு சுற்று 3.15 வினாடியில் முடிந்துவிடும். மீட்டுபவர் எங்கோ பஸ் பிடிக்கப் போகிறவர் போல ஒலிக்கும். தம்புராவின் மீட்டு பாடுபவரின் காலப்பிரமாணத்தோடு ஒட்டாமல் தனியாக நிதானமாக ஓட வேண்டியது. அவசரப்பட்டால் பாடுபவரையும் அது இழுத்துக்கொண்டு போகும்.

அதைவிட முக்கியமானது வாத்தியத்தின் உடல். பலாமரக் குடத்துக்கும் மேல்பலகைக்கும் அவற்றுக்கே உரிய ஒத்ததிர்வுகள் உண்டு; தந்தியின் சுருதியை ஏற்றினால் அவை ஏறுவதில்லை. வேகத்தை 1.587 ஆக்கும்போது தந்தியோடு சேர்ந்து குடமும் ஏறிவிடுகிறது; அதாவது குடம் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டதாகக் காது எடுத்துக்கொள்கிறது. குதிரையின் மேல், தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலால் உண்டாகும் அந்த ரீங்காரமும் மெலிந்து, தகரத்தில் தட்டியது போல ஆகிவிடும். பெண்கள் பாடும் சுருதிக்குச் சிறிய தம்புரா இருப்பது உண்மைதான். ஆனால் அது அந்த அளவுக்கென்று இழைத்துச் செய்யப்பட்டது, பெரிய தம்புராவைச் சுருக்கியது அன்று. எத்தனை தசமத் தானம் வரை விகிதத்தைச் சரியாக வைத்தாலும் இந்தக் குறை அப்படியே இருக்கும்.

பழைய அமிகா

ஐயா சொல்வதை முழுமையாக ஆதரிக்கிறேன். வேகத்தை மாற்றுவது சுருதி, கால அளவு, வாத்தியத்தின் உடல் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி இழுப்பது. மனிதக் குரலில் நான்கைந்து அரைக்கட்டை ஏற்றினாலே கார்ட்டூன் குரல் வந்துவிடுவது இதனால்தான். மீட்டும் வேகத்துக்குத் தீர்வு எளிது: நான்கு தந்திகளையும் தனித்தனியாகப் பதிவு செய்து, எந்தத் தந்தி எப்போது மீட்டப்பட வேண்டும் என்பதைத் தனிக் கடிகாரத்திடம் விட்டுவிடுங்கள். அப்போது வேகம் ஒவ்வொரு தந்தியின் சுருதியை மட்டும் மாற்றும். சுற்றின் நீளம் பயனரின் கையில் இருக்கும். ஒரு மீட்டின் நாதம் அடங்கும் முன் அடுத்தது தொடங்குவதால், ஒலிகளை வெட்டாமல் ஒன்றன்மேல் ஒன்று கலக்க வேண்டும்.

இசைத்தட்டுப் பெட்டி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே கணக்கைத் தலைகீழாகப் போடுபவன் நான். பழைய 78 தட்டுகளை (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டுகள்) கணினிக்கு மாற்றும்போது, பாடகரின் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வந்து நிற்பது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அக்காலத் தட்டுகள் எல்லாம் 78 என்ற அதே சுழற்சியில் பதிவானவை அல்ல. சுருதி இத்தனை சென்ட் தள்ளியிருக்கிறது என்று அளந்தால், 2^(சென்ட் ÷ 1200) என்று சுழற்சியின் விகிதம் கிடைத்துவிடும். 74-இல் பதிவானதை 78-இல் சுழற்றினால் 91 சென்ட் ஏறும். அதை அப்படியே விட்டால் கேட்பவர் பாடகருக்கு அரைக்கட்டை கூடுதல் சுருதி என்று எழுதிவிடுவார். 33⅓ தட்டை 45-இல் வைத்தால் 520 சென்ட். வினாடிக்கு 24 சட்டகம் ஓடும் படத்தை 25 சட்டகம் கொண்ட பால் தொலைக்காட்சிக்காக வேகம் கூட்டினால் 71 சென்ட். அப்படி மாற்றப்பட்ட படத்தின் பாட்டு கீபோர்டில் எந்தக் கட்டையிலும் உட்காராமல் இடையில் தொங்குவதற்கு அதுதான் காரணம். இங்கே சமப் பகுப்பா சுத்த விகிதமா என்ற கேள்வியே எழாது. சுழற்சியின் விகிதம் எதுவோ அதுவே விடை.

சாரணி

டபுள் மாறிக்குப் பதிலாக முழு எண்ணையும் பின்னத்தையும் பிரித்து வைத்துவிட்டேன். 1½ கட்டை இப்போது எவ்வளவு நேரம் ஓடினாலும் நகரவில்லை. டேப்லெட்டும் சரியாகிவிட்டது. தந்திகளைத் தனித்தனியாகப் பதிவு செய்ய வகுப்பு எடுப்பவரும் ஒப்புக்கொண்டார். பெரிய தம்புரா ஒன்றும் சிறியது ஒன்றும் கிடைக்கும். எந்தெந்தக் கட்டைகளில் பதிவு செய்வது, எவ்வளவு தூரம் வரை ஒரு பதிவை இழுக்கலாம் என்பதில் மட்டும் ஆலோசனை வேண்டும். மேலும், வேகம் கூடும்போது மேல்புறத்தில் சிறிய கீச்சொலி கேட்கிறது. அது பதிவில் இல்லை.

அடுக்குக்குறி

கீச்சொலியை முதலில் முடித்துவிடுவோம். வேகம் 1.587 என்றால், பதிவில் 13900 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவை எல்லாம் கருவியின் உச்ச வரம்பான 22050-ஐத் தாண்டிப் போகின்றன. தாண்டியவை மறையாமல் மடங்கிக் கீழே வந்து, சுருதியோடு எந்தத் தொடர்பும் இல்லாத இடங்களில் ஒலிக்கின்றன. அலியாசிங் என்பது இதுதான். வேகத்தைக் கூட்டுவதற்கு முன், 22050-ஐ வேகத்தால் வகுத்து வரும் எல்லைக்கு மேலுள்ளவற்றை வடிகட்டிவிடுங்கள். அதோடு, நிலை இரண்டு புள்ளிகளுக்கு இடையே விழும்போது நிரல் அருகிலுள்ள புள்ளியை அப்படியே எடுக்கிறதா, இடைச்செருகிக் கணக்கிடுகிறதா என்றும் பாருங்கள். அப்படியே எடுத்தால் ஒரு சொரசொரப்பு கூடவே வரும். நேர்கோட்டு இடைச்செருகல் ஓரளவு போதும். நான்கு புள்ளிகளைக் கொண்டு வளைகோடாகச் செய்தால் தம்புராவின் மேற்சுரங்களுக்கு நல்லது.

பதிவுகளைப் பொறுத்தவரை, இரண்டு அரைக்கட்டைக்கு மேல் எந்தப் பக்கமும் இழுக்காமல் இருப்பதே என் விருப்பம், வேகம் 0.891-க்கும் 1.122-க்கும் இடையில் இருக்கும், குடத்தின் ஒலி பெரிதாக மாறியதாகத் தெரியாது. பெரிய தம்புராவை 1 கட்டையிலும் 3 கட்டையிலும், சிறியதை 5 கட்டையிலும் பதிவு செய்யுங்கள். முதல் பதிவு கீழ் 6½ முதல் 2 கட்டை வரையிலும், இரண்டாவது 2½ முதல் 4 வரையிலும், மூன்றாவது 4½ முதல் 6 வரையிலும் தாங்கும். ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு சுருதிகளும் இதில் அடங்கிவிடும். ஒவ்வொரு பதிவோடும் அதன் மூலக் கட்டையின் அரைக்கட்டை எண்ணை (0, 4, 7) சேர்த்து வைத்து, வேண்டிய எண்ணிலிருந்து அதைக் கழித்து வரும் வித்தியாசத்தை மட்டும் சூத்திரத்தில் போடுங்கள்.

ஜீவாநூல்

3 கட்டைப் பதிவுக்கு முன் பெரிய தம்புராவின் தந்திகளை அப்படியே முறுக்கி ஏற்ற வேண்டாம் என்று மீட்டுபவரிடம் சொல்லுங்கள். அதற்கு ஏற்ற மெல்லிய தந்திகளை மாற்றி, ஒரு நாள் விட்டு இறுக்கம் நிலைத்த பிறகு பதிவு செய்யட்டும். ஒவ்வொரு தந்திக்கும் ஜீவா நூலைத் தனியாக நகர்த்திப் பார்த்து, நாதம் விரிந்த இடத்தில் நிறுத்திய பின்பே ஒலிவாங்கியைத் திறக்க வேண்டும். பஞ்சமத்தைக் கருவி காட்டும் எண்ணுக்குச் சேர்க்காமல், சாரணியோடு விம்மல் அடங்கும் வரை காதால் சேருங்கள். மத்யம சுருதிக்கு அந்தத் தந்தியைத் தனியாக இன்னொரு முறை பதிவு செய்துகொள்வதும் நல்லது.